சாப்பிட மறுக்கும் 900 கிராம் நாய்க்குட்டிக்கு என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். 55 நாள் ஆன பொமரேனியன் பெண் குட்டி ஒன்று வீட்டுக்கு வந்து நான்கு நாள் ஆகிறது. எடை 900 கிராம். குட்டிகளுக்கென்று கடையில் வாங்கிய உலர் தீனியை மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பசும்பால் குடிக்கிறது. கையில் வைத்து நீட்டினால் கோழிக்கறி தின்கிறது. இன்று காலையிலிருந்து தயிர்சாதத்தை இரண்டு முறை நக்கியதோடு சரி. “பசித்தால் தானே தின்னும், விட்டுவிடுங்கள்” என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், விடலாமா?

விடக் கூடாது. வளர்ந்த நாய்க்கு அந்த அறிவுரை பெரும்பாலும் சரி; ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலும் ஆரோக்கியமான பெரிய நாய்க்கு ஒன்றும் ஆகிவிடாது. ஒரு கிலோவைத் தொடாத, மூன்று மாதம் நிரம்பாத சிறு இனக் குட்டிக்குக் கணக்கு நாட்களில் இல்லை, மணிகளில் இருக்கிறது. நாம் உண்ணாமல் இருக்கும்போது கல்லீரலில் சேமித்த சர்க்கரை இரத்தத்துக்கு வந்து மூளையை ஓட்டுகிறது. இந்தக் குட்டியின் கல்லீரல் சிறியது, இன்னும் முதிராதது. தசையும் கொழுப்பும் சொற்பம். உடலின் அளவுக்கு மேற்பரப்பு அதிகம் என்பதால் வெப்பமும் வேகமாக வெளியேறும். ஆகவே சேமிப்பு குறைவு, செலவு அதிகம். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், டாய் பூடில் ஆகிய இனங்களின் குட்டிகள் இரண்டு வேளை தொடர்ந்து தவறவிட்டாலே இரத்தச் சர்க்கரை தாழ்ந்து துவண்டுவிடக்கூடும்.

இதை நான் பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருந்தேன். இருந்தும் என் வீட்டிலேயே கோட்டை விட்டேன். கால்நடை மருத்துவம் முடித்த புதிதில் ஏழு வாரக் குட்டி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முதல் நாள் இரவு அது எதையும் தொடவில்லை. அம்மா கவலைப்பட்டபோது, பட்டத்தின் மை காயாத மிடுக்கில் “பசித்தால் தின்னும்” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மாவின் குரல் கேட்டு எழுந்து வந்து பார்த்தால், கூடத்துச் சாக்கின் மேல் குட்டி பக்கவாட்டில் கிடந்தது. தலை பின்னோக்கி வளைந்திருக்க, முன்னங்கால்கள் நீந்துவதைப் போல் காற்றைத் துழாவிக்கொண்டிருந்தன. நான் மருந்துப் பெட்டியில் குளுக்கோஸ் தேடிக்கொண்டிருந்தபோது, அம்மா ஏற்கெனவே நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து, தோய்த்த விரலால் அதன் ஈறில் தேய்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தில் குட்டி தலையைத் தூக்கியது. அதன் பிறகு இருபத்து சொச்சம் ஆண்டுகளில் எத்தனையோ குட்டிகளை இந்த நிலையில் மேசை மேல் பார்த்தாயிற்று. கொண்டுவந்தவர்களில் பெரும்பாலோர் சொன்னது அதே வாக்கியத்தைத்தான்.

எனவே முதலில் அவசரத்தை முடித்துவிடுவோம். இதைப் படிக்கும் இந்த நிமிடம் உங்கள் குட்டி விழித்து, நிற்கும்போது தள்ளாடாமல், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறது என்றால் கீழே சொல்லும் முறைப்படி வீட்டிலேயே ஊட்டத் தொடங்கலாம். தலை தொங்குகிறது, நடை குடிகாரன் நடைபோல் இருக்கிறது, உடல் நடுங்குகிறது, காதும் பாதமும் சில்லிட்டிருக்கின்றன, எழுப்பினாலும் கண் சொக்குகிறது என்றால் தட்டை ஒதுக்கி வையுங்கள். சுண்டுவிரலில் தேனோ குளுக்கோஸ் கரைசலோ தொட்டு ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேயுங்கள். 900 கிராம் குட்டிக்கு ஒரு தடவைக்குக் கால் தேக்கரண்டி போதும். விழுங்கும் நிலையில் இல்லாத குட்டியின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நுரையீரலுக்குள் போனால் அது வேறொரு நோயாகிவிடும். துண்டில் சுற்றி, வெந்நீர் நிரப்பிய பாட்டிலுக்கு மேலும் ஒரு துணி சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். குட்டி தெளிந்ததும் சிறிது கூழ் ஊட்டிவிட்டு, தெளிந்துவிட்டதே என்று வீட்டில் இருந்துவிடாமல் மருத்துவரிடம் புறப்படுங்கள். சர்க்கரை ஏறியதைப் போலவே ஒரு மணி நேரத்தில் திரும்ப இறங்கிவிடும். இனிப்புக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கான மாற்றுச் சர்க்கரை எதையும் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் சிலவற்றில் உள்ள சைலிட்டால் நாயின் இரத்தச் சர்க்கரையை இன்னும் கீழே தள்ளும் நஞ்சு.

அவசரம் இல்லை என்று உறுதியானபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: குட்டியால் தின்ன முடியவில்லையா, தின்ன விருப்பமில்லையா? தட்டை வைத்த முதல் அரை நிமிடத்தில் அது என்ன செய்கிறது என்று தரையில் உட்கார்ந்து பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். தட்டைக் கண்டதும் எழுந்துகூட வராமல் சுருண்டு கிடந்தால் காய்ச்சலையோ வேறு நோயையோ சந்தேகிக்க வேண்டும். ஆவலாக ஓடிவந்து, மோந்து, பிறகு உதட்டை நக்கிக்கொண்டு, எச்சில் விழுங்கி, முகத்தைத் திருப்பினால் அது குமட்டல். வாயில் எடுத்துக் கீழே போட்டுத் திரும்ப எடுத்துக் கீழே போட்டால் பல்லிலோ வாயிலோ தொல்லை, அல்லது உருண்டை அதன் வாய்க்குப் பெரிது. கையில் கொடுத்தால் விழுங்குகிறது, தட்டில் வைத்தால் விலகுகிறது என்றால் தட்டையும் பழக்கத்தையும்தான் பார்க்க வேண்டும். உங்கள் குட்டி கோழிக்கறியைக் கையிலிருந்து தின்கிறது என்று எழுதியிருப்பதால் வாயும் தொண்டையும் வேலை செய்கின்றன என்று தெரிகிறது. அந்த அளவில் நிம்மதி. ஆனால் நேற்றுவரை பால் குடித்த குட்டி இன்று தயிர்சாதத்தைக்கூட நக்கியதோடு நிறுத்தியிருப்பதால், நோய் இல்லை என்று முடிவுகட்ட நான் தயாராக இல்லை. நோயைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

அடுத்து, வயது. நம் ஊரில் குட்டிகள் 30, 40 நாட்களிலேயே கைமாறுவது சகஜம். 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது. அதனாலேயே 35 நாள் குட்டியும் விற்பவர் வாயில் இரண்டு மாதக் குட்டியாகிவிடுகிறது. உங்கள் குட்டியின் உதட்டை விரலால் மெல்ல விலக்கிப் பாருங்கள். எட்டு வாரத்தில் 28 பால்பற்களும் பெரும்பாலும் முளைத்திருக்க வேண்டும். முன்பற்களும் ஊசிபோன்ற கோரைப்பற்களும் மட்டும் இருந்து, பின்னால் ஈறு வழவழப்பாக இருக்கிறது அல்லது அரிசி முனைபோல் இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது என்றால், குட்டிக்கு ஐந்து வாரம் சொச்சம்தான் ஆகியிருக்கும். அதற்குக் கடினமான உருண்டைகளைக் கொடுப்பது, பொக்கை வாய்க் குழந்தைக்கு முறுக்கு கொடுப்பது போல. அது மறுக்கவில்லை, அதற்கு இன்னும் மெல்லவே தெரியாது.

பொமரேனியன் என்ற பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே அந்தப் பெயரில் விற்கப்படுவதில் பெரும்பகுதி இந்தியன் ஸ்பிட்ஸ். அசல் பொமரேனியன் முழு வளர்ச்சியிலும் மூன்று கிலோ சொச்சத்தைத் தாண்டாது. ஸ்பிட்ஸ் ஐந்து கிலோவைச் சாதாரணமாகத் தாண்டும். இதில் எந்த இழிவும் இல்லை, நம் வெயிலுக்கு ஸ்பிட்ஸே தோது. ஆனால் எட்டு வாரத்தில் 900 கிராம் என்பது அசல் பொமரேனியனுக்கு நல்ல எடை, ஸ்பிட்ஸுக்குச் சற்று மெலிவு. தாய் நாயைப் பார்த்திருந்தால் அதன் உருவத்தை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது அளவு. இதுவரை வாதாடிப் பார்த்ததில், தட்டைத் தராசில் வைத்துக் காட்டும்போதுதான் வீட்டாருக்கு விஷயம் உறைக்கிறது. நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு நாளொன்றுக்குத் தேவையான ஆற்றலைக் கணிக்க மருத்துவர்கள் ஒரு சூத்திரம் வைத்திருக்கிறோம்; 900 கிராம் குட்டிக்கு அது ஏறத்தாழ 190 கிலோகலோரி என்று வருகிறது. குட்டிகளுக்கான உலர் தீனியில் 100 கிராமுக்கு 350 முதல் 400 கிலோகலோரி இருக்கும் என்பதால், நாள் முழுவதற்கும் சுமார் 50 கிராம் போதும். ஐந்து வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 10 கிராம், அதாவது குவித்து அள்ளிய ஒரு மேசைக்கரண்டி. வீட்டுக்கு வந்த குட்டி ‘ஒன்றுமே தின்னவில்லை’ என்று சொல்பவர்களில் சிலர், பெரிய கிண்ணம் நிறையக் கொட்டி வைத்துவிட்டு, அதில் ஓர் ஓரம் மட்டும் குறைந்திருப்பதைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். அந்த ஓரமே அதன் வேளைச் சாப்பாடாக இருக்கக்கூடும்.

மறுபக்கமும் உண்டு. அதே 190 கிலோகலோரியைத் தயிர்சாதத்தில் எடுக்க வேண்டுமானால் குட்டி ஏறத்தாழ 190 கிராம் தின்ன வேண்டும். அது அதன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அந்தச் சின்னஞ்சிறு இரைப்பைக்குள் அவ்வளவு சோற்றை அடைப்பது எளிதல்ல. அடைத்தாலும் புரதம் போதாது, கால்சியம் போதாது. பசும்பாலும் அப்படித்தான். தாய் நாயின் பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப் போல் இரு மடங்குக்கு மேல் இருக்கும், பால்சர்க்கரையோ குறைவு. ஆகவே 50 மில்லி பசும்பால் குடித்த குட்டிக்கு வயிறு நிறைந்துவிடும், கிடைத்த ஆற்றலோ 35 கிலோகலோரிக்கும் குறைவு. கூடவே வயிற்றுப்போக்கும் வரலாம். உங்கள் குட்டி தீனியை மோந்துவிட்டு நகர்வதற்குப் பாதிக் காரணம் அந்தப் பால்தான் என்று நினைக்கிறேன். தீனிக்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் பால் வேண்டாம். இரண்டு நாளில் அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிட்டுத் தண்ணீரைப் பழக்குங்கள்.

பிஸ்கட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒரு மாரி பிஸ்கட்டில் சுமார் 25 கிலோகலோரி. தாத்தா காலைக் காபியோடு ஒன்று, பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒன்று, பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சிவிட்டு ஒன்று, வேலை முடிந்து வந்த அப்பா ஒன்று என்று ஆளுக்கொன்று கொடுத்தால் நாள் தேவையில் பாதி முடிந்தது. பிறகு தட்டில் இருப்பதை அது ஏன் தின்ன வேண்டும்? யார் எதைக் கொடுத்தாலும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி அதில் எழுதச் சொல்லுங்கள். இரண்டே நாளில் பல வீடுகளில் புதிர் அவிழ்ந்துவிடுகிறது.

ஊட்டும் முறைக்கு வருவோம். குட்டி முன்பிருந்த இடத்தில் என்ன தின்றது என்று விற்றவரிடம் தொலைபேசியில் கேளுங்கள்; செரிலாக், பால்சோறு, வேறொரு நிறுவனத்தின் தீனி என்று எதுவாகவும் இருக்கலாம். நல்ல உணவோ இல்லையோ, முதல் மூன்று நாள் அதுதான் அதற்குத் தெரிந்த வாசனை. தாயையும் கூடப் பிறந்தவற்றையும் ஒரே நாளில் பிரிந்து வந்த குட்டிக்கு உணவையும் அதே நாளில் மாற்றினால் அது எதைப் பிடித்துக்கொள்ளும்? பழைய உணவில் முக்கால் பங்கும் புதிய தீனியில் கால் பங்குமாகக் கலந்து தொடங்கி, இரண்டிரண்டு நாளாகப் புதியதைக் கூட்டி, ஒரு வாரத்தில் முழுவதும் மாற்றிவிடலாம். செரிலாக் மனிதக் குழந்தைகளுக்கானது. பழக்கத்தை ஒட்டவைக்கும் பசையாக ஒரு வாரம் பயன்படுத்துங்கள், அதற்கு மேல் அதையே முழு உணவாக வைக்க வேண்டாம்.

புதிய தீனியை உலர்ந்தபடி வைக்காதீர்கள். 10 கிராம் தீனியில் இரண்டு மேசைக்கரண்டிக்குக் குறையாமல் வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கால் மணி நேரம் மூடி வையுங்கள். உருண்டைகள் உப்பி மெத்தென்று ஆனதும் முள்கரண்டியால் மசித்து, கேழ்வரகுக் கூழைவிடக் கொஞ்சம் கெட்டியாக, கரண்டியைச் சாய்த்தால் தயங்கி விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்க்காமல் கோழியை வேகவைத்த தண்ணீர் ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். பிறகு சூடு. நாய்க்குட்டி நாக்கைவிட மூக்கால்தான் முதலில் ருசி பார்க்கிறது. ஆறிய கூழில் மணம் எழாது. உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு துளி வைத்தால் சூடும் தெரியக் கூடாது, குளிர்ச்சியும் தெரியக் கூடாது, அதுதான் பதம். மைக்ரோவேவில் சூடாக்கினால் நன்றாகக் கிளறிவிடுங்கள், சில இடங்கள் மட்டும் கொதித்துக் கிடக்கும். ஒருமுறை நாக்கு சுட்டுக்கொண்ட குட்டி அந்தத் தட்டை ஒரு வாரம் நம்பாது.

விரல் நுனியில் கொஞ்சம் எடுத்து அதன் மேலுதட்டில் தடவுங்கள். நக்கித்தான் ஆக வேண்டும். இரண்டாவது முறை விரலைச் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள், மூன்றாவது முறை தட்டின் விளிம்பில் வையுங்கள், நான்காவது முறை விரலைக் கூழுக்குள்ளேயே வைத்து மெல்ல விலக்குங்கள். கையிலிருந்து தட்டுக்கு இறக்கும் இந்த வேலையை ஒரே வேளையில் முடிக்கத் துடிக்காதீர்கள், இரண்டு மூன்று நாள் ஆகலாம். கோழிக்கறியைத் தனியாகக் கையில் கொடுப்பதை இன்றோடு நிறுத்துங்கள். நகக்கண் அளவு கறியையோ வேகவைத்த ஈரலையோ நூலாகக் கிழித்துக் கூழோடு பிசைந்துவிட்டால், பொறுக்கி எடுக்க முடியாமல் இரண்டையும் சேர்த்தே தின்னும். இந்தச் சேர்க்கை மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். வெறும் கறியும் சோறும் மட்டும் தின்று வளரும் குட்டிகள் கால்சியம் இல்லாமல் கால் வளைந்து, சோபாவிலிருந்து குதித்ததற்கே எலும்பு முறிந்து வருவதை நாங்கள் இன்றும் பார்க்கிறோம்.

தட்டும் முக்கியம். ஒரு வீட்டில், யாராவது தட்டைக் கையில் ஏந்திப் பிடித்தால்தான் குட்டி தின்னும், கீழே வைத்தால் பின்வாங்கி ஓடும் என்றார்கள். பிடிவாதம் என்று வீடே முடிவுகட்டியிருந்தது. நான் போயிருந்தபோது தட்டைத் தரையில் வைக்கச் சொன்னேன். குட்டி முகவாயை வைத்ததும் எவர்சில்வர் தட்டு மொசைக் தரையில் வழுக்கி ‘ணங்’ என்று சுவரில் மோதியது; குட்டி கட்டிலுக்கடியில் போய்விட்டது. ஈரத் துணியை நான்காக மடித்துத் தட்டுக்கு அடியில் விரித்தோம். அன்றிரவே கீழே தின்றது. கழுத்துப்பட்டையில் தொங்கும் மணி கிண்ணத்தில் இடிப்பது, மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிப்பது, பக்கத்திலேயே குக்கர் விசில் அடிப்பது என்று இப்படிச் சில்லறைக் காரணங்கள் நிறைய உண்டு. பக், ஷிட்சு போன்ற சப்பை மூக்கு இனங்களுக்குக் குழிந்த கிண்ணம் ஆகவே ஆகாது, அகன்ற தட்டையான தட்டு வேண்டும். வேடிக்கை பார்க்கிறேன் என்று நான்கு பேர் சுற்றி நிற்காதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். கூடப் பிறந்தவற்றோடு முண்டியடித்துத் தின்று பழகிய குட்டிக்குத் தனிமையும் பசியைக் குறைக்கும்.

நேரம்: காலை 6, 10, பிற்பகல் 2, மாலை 6, இரவு 10.30. கடைசி வேளையைத் தவறவிடாதீர்கள், ஏனெனில் நாளின் நீண்ட இடைவெளி அதற்குப் பின்னால்தான் வருகிறது. கோடையில் 2 மணி வேளையில் குறைவாகத் தின்றால் கவலை வேண்டாம், அதைக் காலையிலும் இரவிலும் ஈடுகட்டலாம். ஒவ்வொரு வேளையும் 15 நிமிடம் தட்டு இருக்கட்டும், பிறகு எடுத்துவிடுங்கள். ஊறவைத்த தீனி நம் வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்குள் புளித்த வாடை அடிக்கத் தொடங்கிவிடும். மூன்று மாதத்துக்குப் பிறகு நான்கு வேளை, பிறகு மூன்று, ஆறு மாதத்துக்குமேல் இரண்டு என்று குறைத்துக்கொள்ளலாம்.

ஐந்து வேளையில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்த வேளையைப் பார்க்கலாம். விழித்து விளையாடும் குட்டி இரண்டாவது வேளையையும் மறுத்தால் சிரிஞ்சு. ஊசி கழற்றிய 2 மில்லி சிரிஞ்சில் நீர்த்த கூழை எடுத்து, குட்டியை வயிறு கீழாக இயல்பாக நிற்கவோ உட்காரவோ வைத்து, கோரைப்பல்லுக்குப் பின்னுள்ள இடைவெளியில் பக்கவாட்டில் நுழைத்து, அரை மில்லி அரை மில்லியாகக் கன்னத்துக்குள் விடுங்கள். விழுங்கியதைப் பார்த்தபிறகு அடுத்தது. குழந்தைக்குச் சங்கில் பால் புகட்டுவதைப் போல் மல்லாக்கப் படுக்கவைத்துத் தலையைப் பின்னால் சாய்ப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு. வாந்தி எடுக்கும் குட்டிக்கும் உடல் சில்லிட்ட குட்டிக்கும் சிரிஞ்சில் ஊட்டவே கூடாது. சில்லிட்டதற்கு முதலில் சூடு, வாந்தி எடுப்பதற்கு முதலில் மருத்துவர்.

நோயைப் பற்றிப் பிறகு வருகிறேன் என்றேன். குட்டி வந்து நான்காம் நாள் என்பது எனக்குச் சற்று உறுத்துகிறது. பார்வோ வைரஸ் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியப் பொதுவாக மூன்று முதல் ஏழு நாள் ஆகும். பல குட்டிகளை ஒன்றாக அடைத்து வைத்திருந்த இடத்தில் தொற்றியிருந்தால், அது வெளிப்படும் நாளும் குட்டி புது வீட்டுக்கு ஏங்குகிறது என்று நாம் நினைக்கும் நாளும் ஒன்றாகிவிடும். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்த நோய், தடுப்பூசி வந்த பிறகும் குட்டிகளை விடவில்லை. முதல் அறிகுறி பல சமயம் உணவு மறுப்பு மட்டுமே. அடுத்து வாந்தி, பிறகு தனி நாற்றத்தோடு இரத்தம் கலந்த பேதி. முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் போடப்படும். ஆனால் அந்த ஒன்று போதாது, 16 வாரம்வரை மூன்று நான்கு வார இடைவெளியில் தொடர வேண்டும். ஒரு ஊசி போட்டாயிற்று என்பது பார்வோ இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

குடற்புழு இன்னொன்று. உருண்டைப் புழு தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றும், கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவும் வரும். வயிறு மட்டும் பானைபோல் உப்பி முதுகெலும்பு தட்டுப்பட்டால், ஈறு வெளுத்திருந்தால் இதை நினையுங்கள். இரண்டு வார வயதிலிருந்து எட்டு வாரம்வரை இரு வாரங்களுக்கு ஒருமுறை மருந்து கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தார்களா என்று கேளுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, கடைக்காரர் கையால் கிள்ளிக் கொடுக்கும் அரை மாத்திரையை நம்ப வேண்டாம். காதின் உட்புறத்திலும் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள்; உண்ணிக் காய்ச்சலும் பசியை அறுத்துவிடும். ஆசனவாயில் வெப்பமானி வைத்துப் பார்த்தால் 101 முதல் 102.5 பாரன்ஹீட் இயல்பு. கூடினால் பாரசிட்டமால் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: மனித மருந்து எதையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

அரிதாக வேறொன்றும் உண்டு. சில சிறு இனக் குட்டிகளுக்குப் பிறவியிலேயே குடலிலிருந்து வரும் இரத்தம் கல்லீரலைச் சுற்றிக்கொண்டு போய்விடும். யார்க்‌ஷயர் டெரியர், மால்டீஸ், பக் இனங்களில் இது கூடுதல். அத்தகைய குட்டி தின்னத் தயங்கும், தின்ற ஓரிரு மணி நேரத்தில் மந்தமாகும், கூடப் பிறந்தவற்றைவிடச் சிறுத்தே நிற்கும். எல்லா முறைகளையும் ஒழுங்காகச் செய்தும் வாரக்கணக்கில் எடை ஏறவில்லை என்றால் இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பசி எடுக்க டானிக் வாங்கலாமா என்ற கேள்வி அடுத்து வரும் என்று அனுபவத்தில் தெரியும். வேண்டாம். பசி ஏன் போயிற்று என்று தெரியாமல் கல்லீரல் டானிக்கும் கால்சியம் சிரப்பும் ஊற்றினால், இனிப்பாலும் அளவாலும் அதுவே வயிற்றை நிறைக்கும். குட்டிகளுக்கான முழுமையான தீனி தின்னத் தொடங்கிய குட்டிக்குத் தனிக் கால்சியம் தேவையே இல்லை. நம் சமையலறையிலிருந்து சாம்பார்ச் சோறும் வேண்டாம், வெங்காயம் அதன் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்தில் மிதக்கும் திராட்சை சிறுநீரகத்துக்கு ஆகாது.

கடைசியாக, இன்றைக்குச் செய்ய வேண்டியது. உங்கள் குட்டி காலையிலிருந்து ஏறக்குறைய வெறும் வயிற்றில் இருக்கிறது. இப்போதே மேலே சொன்ன கூழைச் செய்து, ஒரு வேளைக்குரிய பங்கை விரலிலிருந்து தொடங்குங்கள். தின்றால் இரண்டு மணி நேரம் கழித்து மறுபடியும், இரவு 10.30-க்கு மறுபடியும். மறுத்தால், கூடவே ஒருமுறை வாந்தியோ இளகிய பேதியோ இருந்தால், விடியட்டும் என்று காத்திராமல் இன்றே போய்விடுங்கள். சென்னையில் இருந்தால் வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது; மற்ற ஊர்களில் நாய்களை அதிகம் பார்க்கும் மருத்துவரின் எண்ணை இன்று மாலைக்குள் கேட்டு வாங்கி வையுங்கள்.

சமையலறைத் தராசில் தினமும் காலை, முதல் வேளைக்கு முன் எடை பார்த்து எழுதுங்கள். இந்த வயதில் எடை அன்றாடம் ஏற வேண்டும். ஒரு நாள் அப்படியே நின்றால் கவனம், இரண்டாம் நாளும் ஏறவில்லை என்றால் அல்லது 900-லிருந்து 860-க்குக் கீழே இறங்கினால், தின்கிறதோ இல்லையோ மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அந்த எடைத் தாளையும், தடுப்பூசி அட்டையையும், நீங்கள் கொடுக்கும் தீனியின் உறையையும், அன்று காலை போட்ட மலத்தில் சுண்டைக்காய் அளவை மூடியுள்ள சிறு புட்டியில் போட்டும் எடுத்துச் செல்லுங்கள். மலத்தைக் கழுவி எறிந்துவிட்டு வந்து “மஞ்சளாகத்தான் இருந்தது, டாக்டர்” என்று சொல்வதை வைத்துக்கொண்டு நுண்ணோக்கியில் எதையும் பார்க்க முடியாது.